எரிமலைப் பாறைச் சரிவில் ஒரு சாண் மண்: தோண்டிய இடத்தில் புல் திரும்ப வருமா?

கயத்தாறு காத்தாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கயத்தாறு பக்கம். காற்றாலையில் மெயின்டனன்ஸ் வேலை. பத்து வருஷம் கயத்தாறு, முப்பந்தல் என்று ஓடியது. இப்போது இரண்டு வருஷமாக மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டம், சால்கேவாடிப் பக்கம். இங்கே மலையின் தலை மேசை மாதிரி தட்டையாக இருக்கும். அதில்தான் காத்தாடிகள் வரிசையாக நிற்கின்றன. விளிம்பைத் தாண்டினால் சரிவு. ஏறும்போது புல்லைக் கையால் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும், அவ்வளவு செங்குத்து.

விஷயம் இதுதான். போன மாசியில் ஒரு காண்ட்ராக்டர் இந்தச் சரிவில் கேபிள் போட மேலிருந்து கீழே நேராகத் தோண்டினார். 200 மீட்டர் நீளம் இருக்கும். மேல்மண், அடிமண், கல் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டார்கள். பிறகு கலந்து தள்ளி மூடினார்கள். பெரிய கற்களை உருட்டி ஓரத்தில் விட்டுவிட்டார்கள். ஜூனில் மழை இறங்கிய முதல் வாரத்திலேயே அந்தத் தடம் ஓடையாகிவிட்டது. கேபிளுக்கு ஆபத்தில்லை, அது பாறைக்குள் வெட்டிய பள்ளத்தில் ஸ்லாபுக்குக் கீழே இருக்கிறது. போனது மண். இப்போது அக்டோபர். இரண்டு பக்கமும் இடுப்பளவு புல், நடுவில் மட்டும் வகிடு எடுத்த மாதிரி வெறும் கல்.

இந்தச் சரிவில் ஒரு தங்கர் பெரியவர் ஆடு மேய்க்கிறார். அந்த ஊர்க் கோனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தடத்தைக் கையால் காட்டுவார், ஒன்றும் சொல்ல மாட்டார். எங்கள் அப்பாவும் கிடை ஆடு மேய்த்தவர். அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தோண்டியது நான் இல்லை, ஆனால் தோண்டியது என் பொறுப்பில் இருக்கிற காத்தாடிக்காக. அதனால் சரி செய்துவிட்டுத்தான் இங்கிருந்து மாற்றலாகிப் போவேன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மண்ணைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். தடத்தின் ஓரச் சுவரில் அடுக்கு தெளிவாகத் தெரிகிறது. மேலே ஒரு சாண் மண், காப்பிப்பொடி நிறம், அதற்குள் புல் வேர் நார் நாராக. பாதிக்குப் பாதி கல். அதன் கீழே ஒரு முழத்துக்கு உதிர்ந்த பாறை, கையால் நசுக்கினால் பொடியாகும், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். இங்கே அதை முரும் என்கிறார்கள். அதற்குக் கீழே கருங்கல்லாகப் பாறை. சில கற்களில் கொசு கடித்த மாதிரி சின்னச் சின்ன ஓட்டை, ஓட்டைக்குள் வெள்ளைப் பொருள்.

எர்த் பிட், அதாவது மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் குழி, போடுகிறவனுக்கு மண் ஓரளவு தெரியும். நம் ஊர்க் கரிசலில் பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றினால் மின்தடை 3 ஓம்முக்குள் வந்துவிடும். இங்கே அதே வேலைக்கு 38 ஓம் காட்டியது. பென்டோனைட் களிமண்ணை மூட்டை மூட்டையாகக் கொட்டித்தான் இறக்கினோம்.

எரிமலை மண் என்றால் கொழுத்த மண், எதைப் போட்டாலும் விளையும் என்று படித்திருக்கிறேன். இந்த மலை முழுக்க எரிமலைக் குழம்பு இறுகியதுதான் என்கிறார்கள். அப்படியானால் ஏன் ஒரு சாண்தான் மண் இருக்கிறது? அடிவாரத்து வயலில் மட்டும் எப்படி ஆள் ஆழத்துக்குக் கரிசல் கிடக்கிறது? போன மண்ணை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? டிராக்டரில் செம்மண் அடித்துக் கொட்டி, வெட்டிவேர் நட்டுவிடலாம் என்று சைட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா?


பாளை மண்வாசி எழுதியது:

தம்பி, முதலில் போன் போட்டுச் செம்மண் லோடை நிறுத்துங்கள். மிச்சத்தை நிதானமாகப் பேசலாம். நான் மண் ஆய்வு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். குழி வெட்டி, உள்ளே இறங்கி, சுவரைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. நீங்கள் ஓரச் சுவரைப் பார்த்து எழுதியிருக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

'எரிமலை மண்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு புழங்குகிறது. ஜாவா, ஜப்பான் பக்கம் எரிமலை சாம்பலாகக் கக்கும். அந்தச் சாம்பல் சீக்கிரம் மட்கி, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி லேசான கருமண் ஆகும், தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். நீங்கள் படித்த புகழ் பெரும்பாலும் அதனுடையது. உங்கள் மலை அப்படிப்பட்டதல்ல. அது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தரையில் வழிந்து ஓடி இறுகிய குழம்பு. தக்காணத்தில் இன்றைக்கு மிச்சம் இருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஒரு ஓட்டத்தின் மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காக வந்து படிந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் கீழ்ப்பகுதி இறுக்கமான கல், மேல்பகுதியில் காற்றுக் குமிழி. நீங்கள் பார்த்த கொசுக்கடி அந்தக் குமிழிதான். அதற்குள் வெள்ளையாக இருப்பது பிற்பாடு தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிய சியோலைட், கால்சைட் மாதிரித் தாதுக்கள்.

இறுக்கமான பகுதி சுவர் மாதிரி நிற்கும். குமிழிப் பகுதி சீக்கிரம் உளுத்துச் சரிவாகும். அதனால்தான் சதாரா மலைகளைத் தூரத்தில் இருந்து பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருக்கும். இந்தப் பாறைக்கு 'டிராப்' என்று பெயர் வந்ததும் ஸ்வீடன் மொழியில் படிக்கட்டுக்கு உள்ள சொல்லில் இருந்துதான். உங்கள் தடத்தில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு பாறைச் சுவரின் காலடியிலும் மண் சற்று ஆழமாகவும் புல் அடர்த்தியாகவும் இருக்கும். சுவரின் தலையில் கிட்டத்தட்ட மண்ணே இருக்காது. சரிவு முழுக்க ஒரே ஆழம் என்று நினைத்து வேலை செய்தால் பாதி உழைப்பு வீண்.

ஏன் ஒரு சாண்தான் என்று கேட்டீர்கள். பாறைக்கு வயது கோடிக்கணக்கில், அதன் மேல் இருக்கிற மண்ணுக்கு அந்த வயது கிடையாது. செங்குத்தில் மண் உண்டாக உண்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். உண்டாகும் வேகமும் இறங்கும் வேகமும் எந்த இடத்தில் சமமாகிறதோ அதுதான் உங்கள் ஒரு சாண். 25 செ.மீ.க்குள் பாறை தட்டும் மண்ணுக்கு உலக வகைப்பாட்டில் லெப்டோசால் என்று பெயர். லெப்டோஸ் என்றால் கிரேக்கத்தில் மெல்லியது. மெல்லியது என்பதற்காக அதை மட்டமானது என்று எழுதிவிடக் கூடாது, எங்கள் ஆபீஸ் வரைபடங்களில் 'தரிசு' என்று நிறம் அடித்துவிட்டுப் போன சரிவுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

அந்த மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, எச்சில் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். கல்லைத் தள்ளிவிட்டு மண்ணை மட்டும் எடுங்கள். நறநறவென்று இருக்காது, வழவழப்பாக இழுபடும். நம் பொத்தையடி மண்ணை அதே மாதிரி தேய்த்தால் உப்புத்தாள் போல உரசும். நம் ஊர்ப் பாறையில் வெள்ளைப் பளிங்குக்கல் உண்டு, குவார்ட்ஸ். மற்றதெல்லாம் உளுத்த பிறகும் அது உளுக்காமல் மணலாக நிற்கும். பொதிகை மலைப் பாறையில் கார்னெட்டும் சேர்ந்துவரும். உங்கள் எரிமலைப் பாறையில் குவார்ட்ஸ் கிடையாது என்றே சொல்லலாம். இருப்பதெல்லாம் சுண்ணாம்பு, மக்னீசியம், இரும்புச் சத்துள்ள தாதுக்கள். உளுத்தால் மொத்தமும் களியாகிவிடும். ஆகவே அங்கே ஒன்று கல், இல்லாவிட்டால் களி. நடுவில் மணல் என்ற சரக்கே குறைவு.

அடிவாரத்துக் கரிசலுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மழைத் தண்ணீர் சரிவில் கரைத்த சுண்ணாம்பும் மக்னீசியமும் சிலிக்காவும் கீழே போய்த் தேங்குகின்றன. தேங்கிய இடத்தில் ஸ்மெக்டைட் என்ற களி உண்டாகிறது, நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். மேலிருந்து அரித்து வந்த நேர்த்தியான மண்ணும் அதோடு சேருகிறது. சரிவிலேயே நின்ற மண்ணுக்கு வடிகால் நன்றாக இருப்பதால் இரும்பு துருப்பிடித்துப் பழுப்பாகத் தெரிகிறது. நீங்கள் எர்த் பிட்டில் கொட்டினீர்களே பென்டோனைட், அதுவும் இதே களிக் குடும்பம். எரிமலைச் சாம்பல் மாறி உண்டாவது, குஜராத்தில் கச்சுப் பக்கம் நிறைய எடுக்கிறார்கள். கரிசலில் இயற்கையாகக் கிடைத்ததை மலையில் மூட்டையில் வாங்கிக் கொட்டியிருக்கிறீர்கள்.

இப்போது புல்லுக்கு வருவோம். ஒரு சாண் மண், அதில் பாதி கல். மிச்ச மண்ணால் செடிக்குக் கொடுக்க முடிகிற தண்ணீர் 15 முதல் 20 மி.மீ. மழை அளவுதான். வெயில் நாளில் புல் 4, 5 மி.மீ. குடிக்கும். மழை நின்றால் நாலு நாள் கணக்கு. ஆனாலும் அக்டோபர் வரை இடுப்பளவு நிற்கிறது என்றால், வேர் முருமுக்குள் இறங்கி விரிசலில் உள்ள ஈரத்தை எடுக்கிறது என்று அர்த்தம். மழை முடிந்ததும் காய்ந்து, தன் குத்தை உயிரோடு வைத்துக்கொண்டு, அடுத்த ஜூனில் தளிர்க்கும். மரக்கன்றுக்கு அந்தப் பொறுமை வராது.

செய்ய வேண்டியது: தடத்தில் கல்லைக் குறுக்கே அடுக்கித் தடுப்பு கட்டுங்கள். செங்குத்தான இடத்தில் 4, 5 மீட்டருக்கு ஒன்று. ஓரத்தில் உருட்டிவிட்ட அதே கற்கள் போதும். உயரம் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும், நடுவில் சற்றுத் தாழ்வாக, தண்ணீர் ஓரத்தை அறுக்காமல் நடுவே வழிய வேண்டும். அடிக்கல்லை முருமுக்குள் பதித்து வையுங்கள். செம்மண் வேண்டாம். வெளி மண்ணோடு வெளி ஊர்க் களைவிதை வரும், மணல் கலந்த அந்த மண் முதல் மழையிலேயே போய்விடும். உரமும் வேண்டாம், அது களைக்குத்தான் லாபம். பக்கத்துப் புல்லின் விதை போதும்.


கீழக்கரிசல் எழுதியது:

அண்ணாச்சி, விளாத்திகுளம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். மானாவாரி விவசாயம், கொஞ்சம் ஆடும் உண்டு. கல்லைப் பற்றி நீங்கள் சொல்ல விட்டதை நான் சொல்கிறேன். எங்கள் சரளைக் காட்டில் சின்ன வயதில் கல் பொறுக்கிப் பொழியில் போடுவோம். ஆச்சி திட்டுவாள், "கல்லு கிடந்தாத்தான் ஈரம் கிடக்கும், போட்டுட்டு வாங்கடே" என்று. வைகாசி வெயிலில் கூட ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் மண் குளிர்ந்திருக்கும், எறும்பு முட்டையோடு ஓடும். தம்பி, அந்தத் தடத்தில் மேலே பொடிக்கல்லைப் பரப்பாமல் விடாதீர்கள்.

இன்னொன்று, எங்கள் காட்டில் கிடை போட்டால் அடுத்த வெள்ளாமை எப்படி நிற்கும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெரியவர் ஆட்டையே அந்தத் தடத்தில் இரண்டு ராத்திரி அடைத்தால் மண்ணுக்குச் சத்து சேராதா?

ஒரு சந்தேகமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கரிசல் மண் எரிமலைக் குழம்பில் இருந்து வந்தது என்று படித்தோம். அப்படியானால் விளாத்திகுளத்திலும் எரிமலை இருந்ததா?


பாளை மண்வாசி எழுதியது:

அம்மா, கல்லைப் பற்றி ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. மழைத்துளி நேராக மண்ணில் அடித்தால்தான் மண் தெறித்துக் கரையும். கல் அந்த அடியை வாங்கிக்கொள்ளும், ஆவியாவதையும் குறைக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆனால் பாதி புதைந்த கல்லாக இருக்க வேண்டும். செங்குத்தில் மேலே சும்மா வைத்த கல் உருண்டுபோகும். அழுத்திப் பதியுங்கள்.

கிடை மட்டும் வேண்டாம் என்பேன். உங்கள் சமவெளிக் காட்டுக்கு அது பொன். அறுந்த சரிவில் நூறு ஆட்டின் குளம்பு ஒரு ராத்திரி மிதித்தால் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிற மண்ணும் இளகிவிடும். புழுக்கைச் சத்தில் முதலில் துள்ளி வருவது களைதான். அந்தச் சரிவுப் புல் கம்மிச் சத்துக்குப் பழகியது. தடத்தில் இரண்டு மழைக்காலம் ஆடு ஏறாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. பெரியவரிடம் கேட்டால் சம்மதிப்பார்.

எரிமலைச் சந்தேகம் நல்ல சந்தேகம். தக்காணத்துக் கரிசலுக்கு அந்தப் பாடம் பொருந்தும். நம் பக்கம் அந்தக் குழம்பு வந்ததே இல்லை. விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலுக்கு அடியில் தோண்டினால் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறைதான் வரும், எரிமலைக்கல் வராது. இரும்பும் சுண்ணாம்பும் கொடுக்கிற தாதுக்கள் அந்தப் பாறையிலும் இருக்கின்றன. நிலம் தட்டையாக, மழை குறைவாக, வடிகால் மந்தமாக இருந்தால் அவை வெளியேறாமல் தங்கி அதே ஊதுகிற களி உண்டாகும். கிணறு வெட்டும்போது வருகிற சுக்கான் கல்லே அந்தத் தங்கிய சுண்ணாம்புதான். பாறை வேறு, பாதை வேறு, மண் ஏறத்தாழ ஒன்று.


கயத்தாறு காத்தாடி எழுதியது:

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. தீபாவளிக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் இருந்து செவல் மண்ணை ஒரு பையில் கொண்டுவந்தேன். மூன்று தண்ணீர் பாட்டிலில் மூன்று மண். ஒன்று எங்கள் வீட்டுச் செவல், ஒன்று சரிவு மண், ஒன்று அடிவாரத்து வயல் மண். குலுக்கி கண்ட்ரோல் ரூம் ஜன்னலில் வைத்தேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செவலில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் அடியில் உட்கார்ந்துவிட்டது, வெயிலில் பளிச் பளிச்சென்று மினுக்கியது. சரிவு மண்ணில் கல் டொக்கென்று விழுந்தது, அதன் மேல் பழுப்புச் சேறு மெதுவாக இறங்கியது. மினுக்கவே இல்லை. அடியில் இருந்த கறுப்புத் துகளை எடுத்து நகத்தால் அழுத்தினேன், மணல் என்று நினைத்தது நசுங்கிவிட்டது. வயல் மண் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே நின்றது. அந்த வயலில் பொறுக்கிய வெள்ளை உருண்டை ஒன்றைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டதும் சின்னதாக நுரைத்தது. சரிவு மண்ணில் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. சுண்ணாம்பு எங்கே போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

லீவு நாள் மூன்றில், எங்கள் டீமில் நாலு பேர் சேர்ந்து 27 தடுப்பு கட்டியிருக்கிறோம். பாறைச் சுவரின் காலடியில் மண் அதிகம் என்றீர்களே, அப்படியே இருந்தது. அங்கே புல்லும் வேறு ஜாதி, இலை அகலம். விளிம்பில் நம் ஊர் ஊசிப்புல்லேதான், லுங்கியில் குத்தியதும் தெரிந்துவிட்டது. அதன் விதையை ஈரத் துணியில் வைத்தேன். வால் முறுக்கு தானாகப் பிரிந்து சுற்ற ஆரம்பித்தது, துளைக்கருவி மாதிரி. அதுவே மண்ணில் திருகி இறங்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

பெரியவரிடம் இரண்டு மழைக்காலம் என்று விரலால் காட்டினேன். அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து, எது முற்றியது எது முற்றவில்லை என்று கதிரை உருவிக் காட்டினார். இரண்டு பேருமாகக் கதிரோடு அறுத்து 14 கட்டு கட்டி வைத்திருக்கிறோம்.

ஒரு கேள்வி மிச்சம். தடத்தின் தலைப்பில் 10 மீட்டருக்கு மண்ணே இல்லை, மொட்டைப் பாறை. அங்கே மட்டும் அடிவாரத்துக் கரிசலை நாலு சாக்கு சுமந்து போட்டால் என்ன? அதுவும் இந்த மலையில் இருந்து போன மண்தானே?


பாளை மண்வாசி எழுதியது:

மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. அந்தக் கரிசல் மலையில் இருந்து போனதுதான், ஆனால் போன இடத்தில் வேறு மண்ணாக மாறிவிட்டது. நனைந்தால் ஊதி வழுக்கும். பாறை மேல் ஒரு சாண் போட்டால் முதல் அடைமழையில் தோசை மாதிரி மொத்தமாக நழுவி உங்கள் முதல் தடுப்பை அடைத்துவிடும். வயல் களையும் கூட வரும்.

மொட்டைப் பாறையை விட்டுவிடுங்கள். விரிசல் இருக்கிற இடமாகப் பார்த்து, ஓரச் சுவரில் இருந்து சரிந்து விழுந்திருக்கிற மண்ணையும் முருமையும் கைப்பிடி கைப்பிடியாகத் திணித்து, கல் வைத்து அழுத்துங்கள். பத்து விரிசலில் பத்து குத்துப் புல் பிடித்தாலே போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

புல்கட்டை இப்போது விரிக்காதீர்கள், காற்றும் எறும்பும் கொண்டுபோய்விடும். நிழலில், காற்றோட்டமாக, எலி ஏறாமல் தொங்கவிடுங்கள். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து, ஜூன் மழைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒவ்வொரு தடுப்புக்கும் மேல்பக்கம் கட்டைப் பிரித்துக் கதிரோடு பரப்பி, மேலே கல் வையுங்கள். ஒவ்வொரு தடுப்பின் மேல்பக்கமும் ஒரு இரும்புக் கம்பி அடித்து, தரை மட்டத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். செப்டம்பரில் கோட்டுக்கு மேல் எத்தனை விரற்கடை மண் தேங்கியிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். மேல் தடுப்பு, கீழ்த் தடுப்பு தனித்தனியாக எழுத வேண்டும்.